பாலும் உப்பும்

தில்லியில் குடியேறி முப்பது ஆண்டுகளாகியும் எங்கள் இல்லத்து உப்பு மட்டும் தூத்துக்குடி உப்பாகவே இருந்து வந்தது. ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் உப்பளத்துக் கல்லுப்பை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம்.

சென்ற ஆண்டு எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். அன்னையார் ஊரிலிருந்து வந்து பத்தியப் பொறுப்பை ஏற்றார். கீரை ஆகாது, பால் மந்தம், பழம் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாய் விலக்கியபின் பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமுமே எஞ்சின. "தாய் தின்பதுதானே பிள்ளைக்குப் போகும்?" என்பார். நாங்களும் ஆமென்றோம். இரவில் குழந்தை அழுதால், "பாலில் சத்தில்லை போலும்" என்றோம். அச்சொல் கேட்டு மகள் கண் கலங்கியதை நாங்கள் கவனித்தோமில்லை.

நாற்பதாம் நாள் மருத்துவரிடம் சென்றோம். குழந்தையின் எடை நன்றாகவே ஏறியிருந்தது. அவ்வம்மையார் கூறியது எங்களுக்குப் புதிது. தாயின் உணவு குறைந்தாலும் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் குறைவதில்லை. இரும்பும் துத்தநாகமும் அவ்வாறே. நாள்தோறும் சுமார் 200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து பாலில் செல்கிறது. அதில் ஒரு பங்கைத் தாயின் எலும்பே கொடுக்கிறது. பால்குடி மறந்தபின் அவ்வெலும்பு மீண்டும் தேறும். பிரசவத்தில் இழந்த குருதியை ஈடு செய்யவோ கீரையும் பருப்பும் வேண்டும். ஆகவே, கடும் பத்தியத்தால் முதலில் வாடுபவள் பெற்றவளே.

"அயோடின் மட்டும் அப்படியன்று" என்று தொடர்ந்தார். தாய்க்குக் கிடைப்பது குறைந்தால் பாலிலும் குறையும். சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது. பாலூட்டுபவளுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. இமயத்தின் அடிவாரத்துக் காங்கிராப் பள்ளத்தாக்கில் மருத்துவர் இராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது என்றும் கூறினார்.

"உங்கள் வீட்டில் எந்த உப்பு?" என்றார். பெருமையோடு விடையளித்தோம். கடல் நீரில் விளைந்ததாயினும் அவ்வுப்பில் அயோடின் மிகச் சொற்பமே என்றறிந்தபோது வாயடைத்துப் போனோம்.

அன்னையார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கீரை கடைந்து, கடையில் வாங்கிய அயோடின் உப்பிட்டுப் பேத்தியின் தட்டில் தாமே பரிமாறினார். ஊர் உப்பு இப்போது குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க மட்டும் உதவுகிறது.

நம் வீடுகளில் பிள்ளை பிறந்தால், பாலில் சத்துண்டா என்று கேட்பதை விடுத்து, பெற்றவள் வயிறார உண்டாளா என்று கேட்போமாக.