இரண்டு மணி சொட்டு மருந்து

வீட்டம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன் செய்து விசாரித்த எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி வருவது என் அசட்டுத்தனம் ஒன்று. நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் வரும். அதில் ஆர்வமில்லாத சொந்தக்காரர்கள் தாண்டிப் போனால் கோபிக்க மாட்டேன்.

காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். எனக்கோ மறதி. போனில் அலாரம் வைத்தால் போயிற்று. ஆனால் கம்ப்யூட்டர் வாத்தியார் போனில் அலாரம் வைப்பதா? என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது. நேரம் வந்ததும் திரையின் மூலையில் "சொட்டு மருந்து" என்று ஒரு கட்டம் எழும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். "இனி நீ கவலையே படாதே, மெஷின் சொல்லும்" என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தக் கட்டம் தானாக எழாது. செய்தி அனுப்பும் புரோகிராமுக்கும் திரையில் காட்டும் புரோகிராமுக்கும் நடுவே தூது போக ஒரு சேவை வேண்டும். அதற்குப் பெயர் டி-பஸ். 2006-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. பஸ் என்ற சொல்லே ஆம்னிபஸ்ஸின் வால்தான். லத்தீனில் 'எல்லோருக்கும்' என்று பொருள். நம் ஊர் ஆம்னி பஸ்ஸும் அதே சொல்தான், டிக்கெட் விலை மட்டும் எல்லோருக்கும் இல்லை.

புதிய லினக்ஸ்களில் சிஸ்டம்டி இதைத் தானே கிளப்பிவிடும். என்னுடையது பழசு. அதனால் லாகின் செய்தவுடன் ஷெல் படிக்கும் புரொஃபைல் ஃபைலில் டிபஸ்-லாஞ்ச் கட்டளையை எழுதினேன். அது சேவையைப் பின்னணியில் ஓடவிட்டு, அதன் முகவரியை அச்சிடும். அச்சிட்டதை ஈவல் போட்டு ஷெல்லே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்பன் சொத்து பிள்ளைக்கு வரும், பிள்ளை சம்பாதித்தது அப்பன் பையில் தானாக விழாது. புராசஸ்களிலும் அப்படியே. ஈவல் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். சோதித்தேன், கட்டம் எழுந்தது.

மறுநாள் காலை பேத்தி லேப்டாப்பில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று, கண்ட்ரோல் ஆல்ட் எஃப்2 அழுத்தி, இரண்டாவது கறுப்புத் திரையில் லாகின் செய்து, ஸ்கிரிப்டை அங்கே ஓடவிட்டு, பழையபடி படத்துக்கே திரும்பிவிட்டேன். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் எனக்கே ஞாபகம் வந்தது. கட்டம் எழுந்ததா என்று பார்க்கக்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

எழுந்தபோது மணி நாலரை.

அவள் கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் மருந்து பாட்டில். "ரெண்டு மணிக்கு விடலையே, ஏம்மா எழுப்பலை?" என்றேன்.

"மெஷின் சொல்லும்னு சொன்னீங்களே. கொஞ்சம் லேட்டா சொல்லுமோன்னு காத்திருந்தேன்."

மருந்து விட்டபோது என் கை நடுங்கியது. டாக்டரைக் கூப்பிட்டேன். ஒரு வேளை தவறினால் பயமில்லை, தொடர்ந்து விடுங்கள் என்றார்.

அன்றிரவு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தேன். செய்தியை வாங்க யாரும் இல்லை என்ற ஒரே புகார், பத்து மணியிலிருந்து வரிசையாக அடுக்கியிருந்தது. காரணம் என் புரொஃபைல்தான். ஒவ்வொரு லாகினுக்கும் அது புதிதாக ஒரு டி-பஸ்ஸைக் கிளப்பியிருக்கிறது. கட்டம் காட்டுகிறவர் முதல் பஸ்ஸில், என் செய்தி இரண்டாவது பஸ்ஸில். லாகவுட் செய்தாலும் இவை சாகவில்லை. எண்ணிப் பார்த்தால், மெஷினுக்குப் பொதுவான ஒன்றைத் தவிர ஏழு ஓடிக்கொண்டிருந்தன.

முகவரி காலியாக இருந்தால் மட்டும் கிளப்பு என்று ஒரு 'இஃப்' சேர்த்தேன். பயனில்லை. இரண்டாவது லாகின் முதலாவதின் பிள்ளை இல்லை, பங்காளி. அதற்கு முகவரி எப்போதும் காலிதான். இரவு பதினோரு மணிக்கு, பழைய மாணவன் ஒருவனுக்கு வெட்கத்தை விட்டு மெசேஜ் போட்டேன். லேபில் பேசிக்கொண்டே இருக்கிறான் என்று நான் அடிக்கடி வெளியே நிற்க வைத்த பையன்.

"சார், முதல் லாகின்லயே முகவரியையும் புராசஸ் எண்ணையும் ஒரு ஃபைல்ல எழுதிடுங்க. அடுத்த லாகின் அதைப் படிக்கட்டும். அந்த எண் உயிரோட இருக்கான்னு 'கில் சைபர்' போட்டுப் பாருங்க. செத்திருந்தா மட்டும் புதுசா கிளப்புங்க" என்றான். கில் என்றாலும் சைபர் போட்டால் கொல்லாது, இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதை அவனுக்குப் பாடம் நடத்தியது நான்தான்!

அரைமணி நேரத்தில் சரியானது. இப்போது எந்த லாகினிலிருந்து அனுப்பினாலும் கட்டம் எழுகிறது. போனிலும் அலாரம் வைத்திருக்கிறேன். அவளோ இரண்டையும் நம்புவதில்லை. மணி இரண்டு ஆவதற்குள் "என்னங்க" என்று குரல் வந்துவிடுகிறது.

அந்தப் பையன் பெயரைச் சொல்லவில்லை. அவனே கமெண்டில் வரட்டும். வெளியே நிற்க வைத்ததற்கு அங்கே நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.