பெண்கடல் ஓரத்தில் ஒரு குடம் தண்ணீர்

உங்கள் வீட்டுக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் என்ன செய்வார்? சாய்வு நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டுக்கொள்வார். பத்திரிகையை விளம்பரம் விடாமல் படித்து முடிப்பார். பதினோரு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்று, "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பார். இல்லையா?

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர் அப்படிச் செய்யவில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கினார்! பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பலகைக் கட்டில் போட்டார். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பின்புறம் ஒரு சின்னக் காஸ் அடுப்பு, கூரையின்மேல் நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சினிமா நட்சத்திரங்கள் 'கேரவன்' என்று வைத்திருக்கிறார்களே, அதற்கு ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்நாடுகளில் இது சர்வ சாதாரணம். ஆஸ்திரேலியாவில் இப்படிச் சுற்றும் பென்ஷன்காரர்களுக்கு 'நரைத்தலை நாடோடிகள்' என்றே பட்டப் பெயர் உண்டு. நம் பக்கத்துக் கேரளத்திலும் 2021-இல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் நமக்கு இது புதிதா என்ன? பாத்திரம் பண்டங்களோடு மாட்டு வண்டியில் சேது யாத்திரை போனவர்கள்தானே நம் கொள்ளுப் பாட்டிகள்!

இதையெல்லாம் சொல்லித்தான் தலைமையாசிரியர் தம் மனைவியை அழைத்தார். அம்மாள் அசைந்து கொடுக்கவில்லை.

"நாற்பது வருஷம் ஒரு அடுப்பங்கரையில் நின்றது போதாதா? அதற்குச் சக்கரம் வேறு கட்டி, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி! கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வேனில் சமையலும் பாத்திரமும் ஆண்பிள்ளைகள் பொறுப்பு. தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவது ஆளாக நானும் தொற்றிக்கொண்டேன். மாசி மாதத்து விடியற்காலையில் வேன் கிழக்கே புறப்பட்டது.

முதல் நாள் இராமநாதபுரம். சேதுபதிகளின் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களைப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாயங்காலம் ஊருக்கு அருகிலுள்ள சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குப் போனோம். கருவேல மரங்களின் உச்சியில் நாரைகளும் கொக்குகளும் இடம் பிடிக்கச் சண்டை போடுவதைப் பார்க்க வேண்டுமே, பண்டிகை நாளில் ரயில் நிலையம் தோற்றது! ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலகம் காக்க வேண்டிய நீர்நிலைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. இந்த ஜில்லாவின் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022-இல் அதில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல் இடம் பெற்றன. வானம் பார்த்த பூமி என்று நாம் பரிதாபப்படும் சீமைக்கு இத்தனை கௌரவம்!

மறுநாள் தேவிபட்டினம். இராமபிரான் நட்டு வைத்ததாக நம்பப்படும் நவபாஷாணக் கற்கள் கடல் நீரில் நிற்கின்றன. தரிசனம் முடிந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பி, பொழுது சாயும் வேளையில் திருப்பாலைக்குடி போய்ச் சேர்ந்தோம்.

அமைதியான மீனவர் ஊர். எதிரே பாக் ஜலசந்தி. அலையே இல்லை, பெரிய ஏரிக் கரையில் நிற்பது போலிருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவை 'ஆண்கடல்' என்றும், இதைப் 'பெண்கடல்' என்றும் இந்தக் கரையில் சொல்கிறார்கள். ஆழம் குறைவு, சுபாவம் சாந்தம். ஆனால் வாடைக் காற்று வீசும் மாதங்களில் பெண்ணுக்கும் கோபம் வந்துவிடும்!

வேனை ஓரமாக நிறுத்தியதும் தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புமா கிளற ஆயத்தமானார். குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்றுத்தான் வந்தது. நூறு லிட்டரும் காலி!

எப்படிக் காலியாயிற்று? ஆண்பிள்ளைகள் இருவரும் இரண்டு நாளாகக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அரிசி களைந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாணலி தேய்த்தார்கள். அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உடன்படிக்கையை மீறக் கூடாதென்று வாய் திறக்கவில்லை!

தபால்காரர் வாளியோடு கிளம்பினார். சாலையில் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிநீர் காவிரியிலிருந்து குழாய் வழியாக வர வேண்டும். வராத நாளில் இப்படித் தள்ளுவண்டிதான். எதிரே கடல், பின்னால் கண்மாய். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் நடை!

அந்தப் பெண்மணி வேனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எங்கிட்டிருந்து வர்றீக? வீட்டையே தூக்கிக்கிட்டு வந்திருக்கீக, தண்ணிய மட்டும் விட்டுட்டு வந்துட்டீகளே!"

எங்கள் ஐந்து பேருக்கும் பதில் வரவில்லை. அவர் இரண்டு குடங்களை இறக்கி வைத்தார். தலைமையாசிரியர் சட்டைப் பையைத் துழாவினார்.

"காசு இருக்கட்டும் ஐயா. வாசல்ல வந்தவுகளுக்குக் குடுக்கிற தண்ணிக்குக் காசு வாங்குவாகளா?"

அப்போதுதான் அம்மாள் வேனிலிருந்து இறங்கினார். ஒரு குடத்தைத் தூக்கித் திரும்ப வண்டியிலேயே வைத்தார்.

"ஒன்று போதும் தாயி. நீ எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தாயோ!" என்றார்.

ஐந்து பேருக்கு ஒரு குடம். மறுநாள் காலை வரை! அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். குடிக்க இவ்வளவு, சமைக்க இவ்வளவு என்று முதலில் பிரித்து மூடி வைத்தார். உப்புமா ரத்து, கஞ்சியும் துவையலும். அரிசி களைந்த நீர் தட்டுகளைக் கழுவ. பாத்திரங்களைக் கடற்கரை மணல் போட்டுத் தேய்த்து, கடல் நீரில் அலசி, கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர். தேய்த்தவர் தலைமையாசிரியர். மேற்பார்வை அம்மாள்! விடிந்தபோது குடத்தில் கால் பங்கு மீதமிருந்தது.

காலையில் குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அம்மாள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். கையில் ஒரு பொட்டலம் கருவாடு. இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கிவிட்டு, தொண்டிக்குப் போகும் வழியில் காரங்காட்டில் இறங்கினோம். வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போனோம். உப்புச் சேற்றில் வேரூன்றி நிற்கும் அந்த மரங்கள் கரையை அலையிலிருந்து காக்கின்றன. மீனுக்கும் நண்டுக்கும் பிறந்த வீடாகவும் இருக்கின்றன. கடைசியாக ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய். நாரையால்கூடப் பறந்து கடக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். கரைமேல் நின்று அம்மாள் வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூன்று மாத மழையை இப்படிச் சேர்த்து வைத்து வருஷம் முழுக்க ஓட்டியிருக்கிறார்களே, இவர்களல்லவோ குடித்தனக்காரர்கள்!" என்றார்.

நீங்களும் போய் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்த வருஷமாகப் பார்த்து, தை மாசியில் புறப்படுங்கள்; பறவைகள் இருக்கும், வெயில் பொறுக்கும். இராமநாதபுரத்திலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். குப்பையைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். முக்கியமாக, தண்ணீர்க் குழாயின் அதிகாரத்தை மட்டும் ஆண்பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்!

மதுரை திரும்பிய பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோரு மணி. தலைமையாசிரியர் சாய்வு நாற்காலியில் இல்லை. கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரே ஒரு சொம்பு தண்ணீரை வைத்துக்கொண்டு, வாணலி தேய்த்துக்கொண்டிருந்தார். சாய்வு நாற்காலியில் அம்மாள் இருந்தார். மடியில் இராமநாதபுரம் ஜில்லாப் படம் விரிந்து கிடந்தது.