சாமைச் சோறும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

லெஸ்டர்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். பெங்களூரில் இருக்கிற உன் பெரியவள் ஒரு மாதமாகச் சப்பாத்தி, பரோட்டா, பிரெட் எதையும் தொடுவதில்லை, வயிறு உப்புசம் போய்விட்டது, நம் மலைச் சாமையைத்தான் பொங்கிச் சாப்பிடுகிறாள் என்றாய். "நல்லதுதானே?" என்று கேட்டாய். நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. அது உனக்கு மனத்தாங்கலாக இருந்திருக்கும். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். அவள் செய்த தவறைத்தான் நானும் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலை உங்கள் யாருக்கும் முழுதாகத் தெரியாது.

மூன்று வருஷம் எனக்கு ஓயாத அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முடி கொத்துக்கொத்தாக உதிரும். ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கியது. நான் முதலில் போய்க்கொண்டிருந்த இடத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, பெண்களுக்கு இது வழக்கம்தான் என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வயிற்று வலியும் உப்புசமும் இருந்ததை நான் பெரிதாகச் சொல்லவும் இல்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்தி, கோதுமையை நிறுத்திப் பார் என்றாள். நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் வயிறு அடங்கியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் வேறொரு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா முதல் கேள்வியாகக் கேட்டது, "கோதுமையை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது?" நான்கு மாதம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. அதை நம்ப முடியாது என்று அவரே சொன்னார்.

காரணம் இதுதான் அக்கா. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. அப்போது உண்டாகிற எதிர்ப்பொருளைத்தான் ரத்தத்தில் தேடுகிறார்கள். டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்று அந்தப் பரிசோதனைக்குப் பெயர். சிலருக்கு ஐ.ஜி.ஏ.வே உடம்பில் குறைவாக இருக்கும், அவர்களுக்கு நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். அதனால் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் மெல்ல மறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அடுப்பை அணைத்துவிட்டுப் புகையைத் தேடுவது போல ஆகிவிடும்.

ஆகவே என்னை மறுபடி கோதுமை சாப்பிடச் சொன்னார்கள். தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரம். இங்கே மருத்துவ வழிகாட்டுதலே அப்படித்தான். காலையில் இரண்டு துண்டு பிரெட், ராத்திரி இரண்டு சப்பாத்தி. முதல் வாரத்திலேயே வலி திரும்பியது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த நாட்களில்தான் நீ போன் பண்ணி, "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று கேட்டாய், சளி என்று பொய் சொன்னேன். ஆறு வாரம் முடிந்து எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் எக்கச்சக்கமாக இருந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி. வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து நாலைந்து இடங்களில் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். சத்தை உறிஞ்சுகிற குடல் விரல்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கவேண்டிய இடத்தில், எனக்கு ஆடு மேய்ந்துவிட்டுப் போன சாமைக் கொல்லை மாதிரி மழுங்கிக் கிடந்தது. இரும்பு மாத்திரை ஏன் ஏறவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

விட்டால் சரியாகிறது, பிறகு பெயர் எதற்கு என்று பெரியவள் கேட்பாள். நானும் கேட்டேன். பெயர் தெரிந்தால்தான் உயிருள்ள வரைக்கும் ஒரு துளிகூடக் கூடாது என்ற கட்டுப்பாடு மனதில் நிற்கும். தெரியாதவள் ஒரு கல்யாணத்தில் ஒரு பரோட்டா சாப்பிடுவாள், வலிக்கவில்லையென்றால் இன்னொன்றும் சாப்பிடுவாள். வலி இல்லாமலே குடல் கெடும், எலும்பு மெலியும். எனக்கு எலும்பு அடர்த்தி எடுத்துப் பார்த்ததும், வருஷா வருஷம் ரத்தம் பார்ப்பதும் அந்தப் பெயர் கிடைத்ததால்தான். இங்கிலாந்தின் சில பகுதிகளில் குளூட்டன் இல்லாத ரொட்டியை டாக்டர் சீட்டிலேயே எழுதித் தருகிறார்கள், அதுவும் நோய் உறுதியானவர்களுக்கு மட்டும். இன்னொன்று: கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் பெரியவளுக்கு முன்னால் நீ பரிசோதித்துக்கொள்ள வேண்டும் அக்கா. உனக்கும் எத்தனை வருஷமாக ரத்தசோகை!

ஒருவேளை பெரியவளுக்கு இந்த நோயே இல்லாமலும் இருக்கலாம். கோதுமை ஒவ்வாமை வேறு, குடல் எரிச்சல் வேறு. நம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1960களில் பழைய வடஆர்க்காடு கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு நோய் அலை அலையாக வந்து ஆட்களை உருக்கிப் போட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று பெயர். நுண்நோக்கியில் பார்த்தால் அந்தக் குடலும் சீலியாக் குடலைப் போலவே மழுங்கித்தான் இருக்கும். ஆனால் மருந்து வேறு: ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். கோதுமையை நிறுத்தினால் அது போகாது. குடலில் டி.பி. வந்தாலும், ஜியார்டியா கிருமி தங்கினாலும் வயிறு இப்படிப் பாடுபடுத்தும். நம் ஊர்க்காரர்கள் தாமாகவே ஒரு முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு வேலூரே சாட்சி.

"அதெல்லாம் வடக்கத்தியாருக்கு வருகிற நோய்" என்று, கோதுமை ஒத்துக்கொள்ளாததைப் பற்றி மாமா போனில் பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. அதில் பாதி உண்மை இருக்கிறது. பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலான மருத்துவர்கள் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தெற்குக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது நம் வேலூர்ப் பக்கத்தைத்தான். சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23, தெற்கே நூற்றுக்கு 0.10. மாமா சொல்வது சரிதான் என்று தோன்றும். ஆனால் அந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் இருந்தது, தெற்கே 36 பேரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே வெறும் 25.

இந்த 25 என்ற எண்ணை நான் பலநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மலையில் கோதுமை எங்கே இருந்தது? சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. ஜமுனாமரத்தூருக்குப் போனால் எப்போதாவது ஒரு பன். இப்போது பஸ் நிறுத்தத்தைச் சுற்றிப் பரோட்டாக் கடைகள். ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை வாங்கலாம். சர்க்கரை வந்தவர்களுக்கெல்லாம் ராத்திரிக்குச் சப்பாத்தி. நம் ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பது, சாப்பாடு மாறுகிற வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த மரபணு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும், பயப்படச் சொல்லவில்லை. ஆனால் ஆறாத ரத்தசோகையோடு மலையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தால், இதையும் ஒருமுறை பார்க்கலாமே என்று டாக்டர்களுக்குத் தோன்றவேண்டும்.

தட்டிலிருந்து கோதுமை போனால் என்ன ஆகும் என்று உலகத்துக்குத் தெரிந்ததிலும் ஒரு பஞ்சத்துக்குப் பங்கு உண்டு. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். கோதுமையின் மேல் அவருக்கு முன்பே சந்தேகம் உண்டு. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் ஊரே பட்டினி கிடந்தது. டியூலிப் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். மற்ற குழந்தைகள் வாடியபோது, அவரிடமிருந்த சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் அவர்கள் மறுபடி நலிந்தார்கள். 1950-இல் கோதுமை செய்கிற கெடுதலை ஆய்வேடாகவே எழுதினார். இந்தக் கதையைப் படித்த அன்றைக்கு, பஞ்சத்துக்குத் தின்கிற தானியம் என்று ஊரார் இளக்காரமாகப் பேசிய நம் சாமையை நினைத்துக்கொண்டேன்.

சாமை மருந்து இல்லை அக்கா. அதில் குளூட்டன் இல்லை, அவ்வளவுதான். தினை, வரகு, கேழ்வரகு, கம்பு, சோளம், அரிசி எதிலும் இல்லை. ஆனால் வழியில் கலந்துவிடும். போன வருஷம் நீ ஆசையாக அனுப்பிய சாமை மாவைத் தோசை ஊற்றிச் சாப்பிட்டு நான் இரண்டு நாள் படுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. மில்லில் கோதுமை அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் அரைத்திருப்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது இங்கேயும் இந்தியாவிலும் ஒரே விதி. அது எவ்வளவு கொஞ்சம் என்று பார். மில்லின் கல்லில் ஒட்டியிருக்கிற மாவே போதும்.

எனக்கு அதிகம் வலித்தது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள் என்று எனக்கு நாற்பது வயது வரைக்கும் தெரியாது. ரசமும் சாம்பாரும் சாப்பிட்டு வலித்தபோது பருப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரவை, சேமியா, ஹார்லிக்ஸ், கோயில் கேசரி, பரோட்டா போட்ட கல்லில் வார்த்த தோசை, பஜ்ஜிக்கு முன் சமோசா பொரித்த எண்ணெய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். இங்கே பாக்கெட்டில் கோதுமை, பார்லி என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். சொந்தக்காரர்கள் வீட்டில் எழுத்து இல்லை. "ஒரு வாய்தானே" என்று அன்போடு நீட்டுகிற கையைத் தள்ளுவதுதான் இதில் கஷ்டம். இப்போது என் வீட்டில் தாளிப்புக்குச் சீரகமும் பூண்டும்தான்.

பெரியவளிடம் இதைப் படித்துக் காட்டு. குடல் நோய் டாக்டர் ஒருவரை அவள் பார்க்கட்டும், ஒரு மாதமாகக் கோதுமை சாப்பிடவில்லை என்பதை முதலில் சொல்லட்டும். மறுபடி சாப்பிடுவதா, எத்தனை நாள் என்று அவர் சொல்வார். அவளாகத் தொடங்கவும் வேண்டாம். மரபணுப் பரிசோதனை என்று ஒன்று உண்டு, அதற்கு என்ன சாப்பிடுகிறோம் என்பது முக்கியமில்லை. அதில் இல்லை என்று வந்தால் ஏறக்குறைய இந்த நோயே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீ இன்னும் கோதுமையை நிறுத்தவில்லை, அதனால் உனக்கு நேராக ரத்தப் பரிசோதனையே போதும். மாமாவைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போய்வா. சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

தை மாதம் வருகிறேன். எனக்குச் சாமையை மில்லுக்கு அனுப்பாதே, உமியோடு பத்துப்படி எடுத்து வை. அம்மாவின் உரல் கொட்டகையில்தானே இருக்கிறது? நானே குத்தி, முறத்தில் புடைத்துக்கொள்கிறேன். உலக்கைக்குப் பூண் கழன்றுபோயிருந்ததே, போட்டாயிற்றா?

அன்புத் தங்கை.