மறுப்பும் ஒரு காவல்தான்

28 ஆண்டுகள் டேட்டாபேஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் இளைஞர்கள் ஃபோன் செய்து, "சார், வியூவில் அப்டேட் போகமாட்டேங்குது" என்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையின் சம்பளப் பிரிவுக்கு வியூ ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஊழியர் டேபிளும் துறை டேபிளும் ஜாயின் ஆகி, ஊழியர் பெயர், சம்பளம், துறையின் பெயர் மூன்றும் ஒரே திரையில் வரும். ஒருநாள் கணக்குத் துறை ஊழியர் ஒருவரைக் கொள்முதலுக்கு மாற்றினார்கள். நான் அவருடைய வரிசையில் துறைப் பெயரைக் 'கொள்முதல்' என்று மாற்றி அப்டேட் கொடுத்தேன். ஆரக்கிள் மறுத்தது. எர்ரர் எண் 01779. மூன்று முறை கொடுத்தும் அதே பதில். எனக்கு அனுமதி போதவில்லை என்று நினைத்து, அட்மின் பாஸ்வேர்டு கேட்டு மேலாளரிடம் போனேன்.

அவர் பாஸ்வேர்டு தரவில்லை. ஒரு தாளில் இரண்டு டேபிள்களையும் பென்சிலால் வரைந்தார்.

"தம்பி, 'கணக்கு'ங்கிற பேரு துறை டேபிள்ல எத்தனை தடவை இருக்கு?"

"ஒரு தடவை சார்."

"வியூல?"

"12 பேருக்கும் எதிரே, 12 தடவை."

"அப்ப நீங்க மாத்தப் பார்த்தது அந்த ஒருத்தரோட துறையையா, துறையோட பேரையா?"

எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அப்டேட் போயிருந்தால் 12 பேரும் ஒரே நொடியில் கொள்முதல்காரர்கள் ஆகியிருப்பார்கள். மாற்ற வேண்டியது ஊழியர் டேபிளில் அவருக்கு நேரே இருந்த துறை எண்ணை மட்டும். மாற்றினேன், உடனே போய்விட்டது.

ஆரக்கிள் பார்ப்பது இதைத்தான்: ஜாயின் ஆன பிறகும் ஒரு டேபிளின் கீ ஒரு வரிசைக்கு மேல் வராமல் இருக்கிறதா? ஊழியர் எண் வியூவிலும் ஒரே முறைதான் வரும். அந்தப் பக்கம் கை வைக்கலாம். துறை எண் பல முறை வரும். அந்தப் பக்கம் கூடாது. ஆனால் மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூஎல் சர்வரும் இதே அப்டேட்டை ஏற்றுக்கொள்ளும். எர்ரர் வராததால் செய்தது சரி என்று ஆகிவிடாது.

கூட்டுத்தொகை காட்டும் வியூவும் இப்படித்தான். துறையின் மொத்தச் சம்பளத்தை ஏற்று என்றால், யாருக்கு எவ்வளவு ஏற்றுவது? அதை யூகிக்க எந்த டேட்டாபேஸும் துணியாது. நம் எண்ணம் இன்னதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், 'இன்ஸ்டெட் ஆஃப்' ட்ரிக்கரில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ரிலேஷனல் மாடலை 1970-இல் முன்வைத்த எட்கர் கோட், 1985-இல் வகுத்த விதிகளில் ஆறாவது, கோட்பாட்டளவில் மாற்றத்தக்க வியூக்களையெல்லாம் சிஸ்டம் மாற்றித் தர வேண்டும் என்கிறது. மாற்றத்தக்கவை என்றுதான் அவரும் சொன்னார். எல்லாமே என்று சொல்லவில்லை.

வீட்டிலும் வெளியிலும் இதே தவறை நாம் தினமும் செய்கிறோம். மருமகள் ஒரு வார்த்தை கூடப் பேசிவிட்டால், "உங்க குடும்பமே இப்படித்தான்" என்கிறோம். திருத்த நினைத்தது ஒருவரை. கை வைத்தது பலருக்கும் பொதுவான பெயரில். பிள்ளையின் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து, "அடுத்த தடவை 450 வாங்கணும்" என்கிறோம். எந்தப் பாடத்தில் அவன் தடுமாறுகிறான் என்று கேட்பதில்லை. டேட்டாபேஸாவது சில சமயம் மறுக்கும். மனிதர்கள் மறுக்க மாட்டார்கள்; காயத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அதனால் பிள்ளைகளே, அடுத்த முறை எர்ரர் வந்தால் பாஸ்வேர்டைத் தேடி ஓடாதீர்கள். வியூ எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து படியுங்கள். மாற்ற நினைப்பது எந்த டேபிளில் இருக்கிறது, அதை இன்னும் யார் யார் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு கை வையுங்கள். வீட்டில் ஒருவரைத் திருத்தப் போகும்போதும் இதையே செய்யுங்கள்.