சாட்சிக் கையொப்பம்

பிரெஞ்சு மொழியிலே ‘லே தெமுவான்’ என்றொரு திரைப்படம் உண்டு. ‘சாட்சிகள்’ என்பது அப்பெயரின் பொருள். ஆந்த்ரே தெஷினே என்பவரின் நெறியாள்கையில் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. பரிஸ் நகரில் வாழும் எமது பழைய வகுப்புத் தோழர் ஒருவர், சென்ற மார்கழி விடுமுறையிலே அதனை எமக்கு அனுப்பிவைத்தார். பிரெஞ்சு அறியோம், திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துக்களின் துணைகொண்டே பார்த்தோம். பார்த்து முடித்த அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. படத்தின் கலைச்சிறப்பைக் காட்டிலும் அதன் பெயரே எம்மை வருத்தியது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விவாகப் பதிவாளரின் புத்தகத்திலே, ‘சாட்சி’ என்று குறித்திருந்த இடத்தில் நாம் இட்ட கையொப்பம் கண்முன் வந்து நின்றது.

கதை 1984ஆம் ஆண்டுக் கோடையிலே தொடங்குகிறது. மெஹ்தி ஒரு பொலிஸ் அதிகாரி. வட ஆபிரிக்க வழிவந்தவன். அவன் மனைவி சாரா எழுத்தாளர். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. கடலில் மூழ்கவிருந்த மனு என்னும் இளைஞனை மெஹ்தி கரைசேர்க்கிறான். அதன்பின் அவ்விளைஞன்பால் அவனுள்ளே எழும் ஈர்ப்பு அவனே எதிர்பாராதது. அவன் மனைவியை வெறுத்தவனல்லன். குழந்தையைக் கைவிட நினைத்தவனுமல்லன். தன்னை முற்றாக அறிந்தவன் என்று எண்ணியிருந்த ஒருவன், தன்னுள்ளேயே தான் அறியாத ஓர் அறை இருப்பதைக் காண்கிறான். அக்காலத்திலேதான் எயிட்ஸ் என்னும் கொடுநோய் அந்நகரத்துள் நுழைகிறது. மனு அந்நோய்க்கு இரையாகிறான். எஞ்சியோர் நடந்தவற்றுக்குச் சாட்சிகளாகின்றனர். சாரா அவற்றை எழுதிவைக்கிறாள்.

‘இது எங்கோ ஒரு தேசத்தார் கதை, எங்கள் ஊரிலே இப்படியெல்லாம் இல்லை’ என்று வாசகர் சிலர் சொல்லக்கூடும். நாமும் அவ்வாறு சொல்லித் தப்பித்துக்கொள்ளவே முதலில் முயன்றோம். ஆனால் அந்தக் கையொப்பம் எம்மை விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர். அவருடைய இசைவோடும், அவர் மனைவியாரின் இசைவோடுமே இதனை எழுதுகிறோம். ஊரும் தொழிலும் கூறோம். திருமணப் பேச்சு முற்றாகி, பொன்னுருக்குக்கு நாளும் குறித்துவிட்ட ஒரு மாலைப்பொழுதில், பண்ணைக் கடலோரத்தில் நாமிருவரும் அமர்ந்திருந்தோம். நெடுநேரம் தண்ணீரைப் பார்த்திருந்துவிட்டு அவர் சொன்னார்:

“மச்சான், எனக்குப் பொம்பிளையளில அப்பிடி ஒரு மனம் வாறேல்லை. நான் விரும்பினது ஒரு பெடியனை. அதுவும் ஒருதலைதான். இதை இந்த உலகத்தில உனக்கு மட்டும்தான் சொல்லுறன்.”

நாம் அப்போது மார்க்சையும் படித்திருந்தோம், பாரதியையும் படித்திருந்தோம். பெண் விடுதலை பற்றி மேடைகளிற் பேசிக் கைதட்டலும் பெற்றிருந்தோம். அத்தனை படிப்பும் அந்தக் கணத்தில் எமக்கு உதவவில்லை. எமது வாயிலிருந்து வந்தது ஊர்ப் பெரியவர்களின் வாக்கியமே: “கலியாணம் எண்டு ஒண்டு நடந்தா எல்லாம் சரிவரும். நீ ஒண்டுக்கும் யோசியாதை.”

அவர் அதன்பின் எதுவும் பேசவில்லை. அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அவருக்கு ஒரு தங்கை. மணமகனுக்குச் சீதனத்தோடு ‘டொனேசன்’ என்ற பெயரிலே பெண்வீட்டார் கொடுக்கும் காசு, அவனுடைய சகோதரியின் சீதனமாக மறுவீட்டுக்குப் போகும் என்பது எம்மூரவர் எவருக்கும் விளக்க வேண்டியதொன்றன்று. அண்ணன் மணமுடிக்க மறுத்தால் தங்கை வீட்டிலே இருந்துவிட நேரும். ஒருவனுடைய அந்தரங்க உணர்வின் மேல் ஒரு குடும்பத்தின் பொருளாதாரமே ஏறி அமர்ந்திருந்தது. சாதகத்தில் பொருத்தங்கள் யாவும் நன்றாயிருந்தன. மனப் பொருத்தம் என்ற ஒன்றைப் பார்ப்பதற்குத்தான் அங்கே எவருமில்லை. முகூர்த்த நாளன்று நாம் பட்டுவேட்டி உடுத்திப் போய்ச் சாட்சியாகக் கையொப்பமிட்டோம்.

தமிழ் படிப்பித்து உண்பவர் நாம். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் மாணவருக்குக் கூறுகின்றோம். ‘ஒத்த அன்பால் ஒருவரையொருவர் நாடுவதே அகம்’ என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். அந்த இலக்கணத்தை எமது ஊர்க் கலியாணங்களுக்கு வைத்துப் பார்த்தால் எத்தனை தேறும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நோக்குதல் தகும். பிரான்சிலே, பெரும் புரட்சியை அடுத்து 1791ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தில் இக்‘குற்றம்’ இடம்பெறவில்லை. பின்னர் 1942இல் நாசிகளுக்குப் பணிந்த விஷி அரசாங்கம், தன்பாலீர்ப்பு உடையோருக்கு மாத்திரம் வேறான ஒரு வயதெல்லையை விதித்துப் பாகுபாட்டைப் புகுத்தியது. 1982இலே அதுவும் நீக்கப்பட்டது. எமது நாட்டிலோ, ஆங்கிலேய ஆட்சியாளர் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளை எம் தலைமேல் வைத்துச் சென்றனர். இங்கிலாந்து தன் சட்டத்தை 1967இல் தளர்த்திக்கொண்டது. சுதந்திரம் பெற்ற நாமோ அவர்களுடைய பழைய சட்டத்தை எமது பண்பாடு என்று பேணி வந்தோம். 1995இல் இச்சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, ஆண்களைக் குறித்திருந்த 365அ பிரிவு பெண்களையும் உள்ளடக்குமாறு விரிந்ததேயன்றி ஒழியவில்லை. 2023இல் இதனை நீக்கக் கோரும் தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அரசியலமைப்புக்கு அது முரணன்று என உயர் நீதிமன்றமும் கூறிற்று. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அச்சட்டமூலம் நிறைவேறாமலே போயிற்று.

எமது நண்பரை எந்தப் பொலிசாரும் தேடி வரவில்லை. அவ்வாறு வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சட்டப் புத்தகத்திலே கிடக்கும் ஒரு வரி, ஊர்வாய்க்கு ஒரு கைத்தடியாகிறது. அந்தத் தடி ஓங்கப்பட்டிருக்கிறது என்ற அச்சம் ஒன்றே ஒரு மனிதனைப் பேசாதிருக்கச் செய்யப் போதும்.

அவன் பேசாதிருப்பதன் விலையைச் செலுத்துபவர் யார்? இக்கேள்வியை எமக்குத் தெளிவாக்கியது மற்றொரு படம். ஜியோ பேபியின் நெறியாள்கையில் 2023ஆம் ஆண்டு வெளிவந்த ‘காதல் - த கோர்’ என்னும் மலையாளப் படம் அது. ‘தளபதி’ நாள்தொட்டு யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த மம்மூட்டி அதிலே மத்தியூ தேவஸி என்னும் நடுவயதுக் குடும்பத்தராக நடித்தார். மனைவி ஓமனாவாக நடித்தவர் ஜோதிகா. மத்தியூ உள்ளூர்ப் பஞ்சாயத்து இடைத்தேர்தலில் இடதுசாரிகளின் ஆதரவோடு போட்டியிட முனையும் வேளையில், இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த ஓமனா விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுக்கிறாள். கணவன் ஆண்கள்பால் ஈர்ப்புடையவன். தங்கன் என்பவரோடு அவனுக்கு உறவுண்டு என்பதே காரணம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியதற்குப் பின்னர் நிகழும் கதை இது. ஆகவே மத்தியூ குற்றவாளி அல்லன். ஆயினும் அவன் சுதந்திரமானவனும் அல்லன்.

எம்மோடு இருந்து அப்படத்தைப் பார்த்த துணைவியார், ஓமனா நீதிமன்றத்தில் நிற்கும் காட்சியிலே மெல்லச் சொன்னார்: “இஞ்சருங்கோ, எல்லாரும் அந்த ஆளுக்காகத்தான் கவலைப்படுவினம். இருபது வருசம் ஆருக்கும் சொல்லேலாமல் இருந்தது அந்த மனுசியெல்லோ.”

இப்படத்தின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. மனைவி கணவனைப் பழிதீர்க்க வழக்காடவில்லை. தன் வாழ்வையும் அவன் வாழ்வையும் ஒருங்கே விடுவிக்க வழக்காடுகிறாள். மகனுடைய இயல்பை இளமையிலேயே அறிந்திருந்தும் மணமுடித்து வைத்த தந்தை, இறுதியிலே சாட்சிக் கூண்டில் ஏறி அந்த உண்மையை ஒப்புக்கொள்கிறார். அந்த முதியவரைக் கண்டபோது நாம் எம்மைக் கண்டோம்.

எம் தேசத்து ஓமனாக்களின் நிலை இன்னும் கடினம். 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு வகுத்த காரணங்கள் மூன்று: பிறர்மனை நாடல், தீய எண்ணத்துடன் கைவிடுதல், விவாக வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இருவருமே குற்றமற்றவர், ஆயினும் இவ்வாழ்வு இருவருக்கும் பொருந்தவில்லை என்று சொல்வதற்கு அதிலே இடமில்லை. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையின் வழியே சீதன வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். அவ்வளவே அவளுக்கு உள்ள பிடிமானம். வீட்டின் உறுதியில் அவள் பெயர் உண்டு. தன் வாழ்வைப் பற்றித் தீர்மானிக்கும் இடத்தில் அவள் பெயர் இல்லை.

திருமணமாகி நான்காம் ஆண்டு, நண்பரின் மனைவியார் எமது வீட்டுக்கு வந்தார். நண்பர் கொழும்பிலே வேலை தேடிக்கொண்டு போய்விட்டிருந்தார்; நல்லூர்த் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் மாத்திரம் வந்து போவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அச்சகோதரி கேட்டார்: “அண்ணை, என்னில ஏதும் குறையோ? நீங்கள் அவருக்குக் கிட்டின ஆள். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

“இல்லைத் தங்கச்சி. வேலைக் கரைச்சலாயிருக்கும்” என்றோம்.

நண்பரின் இரகசியத்தைக் காப்பது எமது கடமை என்று அன்று எம்மை நாமே தேற்றிக்கொண்டோம். இரகசியம் காப்பது வேறு. பொய் சொல்வது வேறு. ‘அதை நீங்கள் அவரிடமே கேளுங்கள், உங்களில் ஒரு குறையுமில்லை’ என்று நாம் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டாவது வாக்கியத்தையேனும் சொல்லியிருக்கலாம். சொல்லாமையால், தன்னிடத்தே இல்லாத ஒரு குறையைத் தன் உடம்பிலும் குணத்திலும் தேடித்தேடி அப்பெண் மேலும் மூன்று ஆண்டுகளைக் கழித்தார்.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் எம்மையே கேட்க வேண்டியதொன்றுண்டு. ‘இது வசதி படைத்தோரின் பிரச்சினை, சாதி, வர்க்கம், நிலம், போரின் காயம் எனப் பெரியவை இருக்க இதற்கென்ன அவசரம்’ என்று எம்மிற் பலர் கூறுவதுண்டு. 1968இலே மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவைத் திறக்கக் கோரி நின்றோரை நோக்கியும் ‘இப்போது இது அவசியமோ’ என்று கேட்டவர்கள் இருந்தனர். அறுபதுகளிலே உழைக்கும் மக்களின் பேச்சு இலக்கியத்தில் ஏறியபோது, அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று இகழ்ந்த பண்டிதரும் இருந்தனர். அப்போராட்டங்களின் வாரிசுகள் என்று எம்மை நாம் சொல்லிக்கொள்கிறோம். அவையும் இதுவும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கதவை மூடும் கை எங்கும் ஒரே மாதிரியானது. சீதனமும் சாதிப் பொருத்தமும் குடும்ப மானமும் சேர்ந்து கட்டிய அதே வீட்டுக்குள்ளேதான் எமது நண்பரும் அவர் மனைவியும் அடைபட்டிருந்தனர். இடதுசாரி வேட்பாளன் ஒருவனின் உண்மை வெளிப்பட்டபோது அவனைக் கைவிடாத ஒரு கட்சியை மலையாளப் படத்திலே கண்டோம். எமது தோழர்கள் அவ்வாறு நிற்பார்களா என்று எண்ணிப் பார்த்தோம். உறுதியாக விடை கூற எம்மால் இயலவில்லை.

வகுப்பறையிலும் எமக்குக் கடமை இருக்கிறது. கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையாருக்கும் இருந்த நட்பை உயர்தர வகுப்பிலே படிப்பிக்கும்போது, பின்வரிசையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிரிப்பு எழும். அச்சில் ஏற்றத்தகாத ஒரு சொல்லும் எழும். வகுப்பு முழுவதும் சிரிக்கையில், தலையைக் குனிந்துகொள்ளும் மாணவன் ஒருவன் சில ஆண்டுகளில் இருப்பான். அச்சிரிப்பு எமது காதில் விழாததுபோற் பல ஆண்டுகள் பாடத்தைத் தொடர்ந்தோம். புலவருடைய நட்புக்கு நாம் புதுப்பொருள் கூற வரவில்லை, அது நட்பே. ஆனால் அச்சிரிப்பு அந்த மாணவனுக்கு என்ன படிப்பிக்கிறது என்பதை நாம் அறிவோம். பத்து ஆண்டுகள் கழித்து அவனும் ஒரு கடலோரத்தில் அமர்ந்து யாரோ ஒரு நண்பனிடம் மெல்லப் பேசுவான். அந்த நண்பன் என்ன விடை சொல்வான் என்பதும் அதே வகுப்பறையிலேதான் முடிவாகிறது. இவ்வாண்டு அச்சிரிப்பு எழுந்தபோது நாம் பாடத்தை நிறுத்தினோம். அச்சொல் யாரை என்ன செய்யும் என்று பேசினோம். வகுப்பு அமைதியாயிற்று. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை.

சென்ற ஆண்டு நண்பர் தாமாகவே தம் மனைவியிடம் உண்மையைக் கூறிவிட்டார். இருவரும் இப்போது பிரிந்து வாழ்கின்றனர். பிள்ளைக்காக ஒருவரையொருவர் மதித்துப் பேசிக்கொள்கின்றனர். செய்தியறிந்து, மன்னிப்புக் கேட்பதற்காக அச்சகோதரியின் வீட்டுக்குச் சென்றோம். முற்றத்து மாமர நிழலிலே கதிரை போட்டுத் தேநீரும் தந்தார். நாம் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். கோபம் அவர் முகத்தில் இல்லை.

“அவரில எனக்கு இப்ப கோவமில்லை அண்ணை. அவர் பயந்தவர்; தங்கச்சியின்ர வாழ்க்கையும் அவரிலதான் இருந்தது. நீங்கள் ஆருக்குப் பயந்தனீங்கள்? தெரிஞ்சுகொண்டோ கையெழுத்து வைச்சனீங்கள்?”

தேநீர் ஆறிப்போயிற்று. நாம் விடை கூறாமலே எழுந்து வந்தோம். இக்கட்டுரை அவருக்கு நாம் தரும் விடையன்று. அதைத் தர எமக்குத் தகுதியில்லை. ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருந்து இதனை வாசிப்போர், நாளை ஒரு தோழனின் திருமணப் புத்தகத்திலே சாட்சியாகக் கையொப்பமிட அழைக்கப்படுவீர்கள். பேனாவைக் கையில் எடுக்குமுன்னர், மணமக்கள் இருவரும் உள்ளபடியே விரும்பித்தான் அங்கே அமர்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாம் கேட்கவில்லை.