கை பிடிக்காத மூட்டை

மூட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பத்தாவுக்குத் தராசு தேவைப்படவில்லை. கட்டி முடித்ததும் துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல் மூட்டையை ஏற்றி, வாசலிலிருந்து ஊருணிக் கரைவரை போய்த் திரும்புவாள். இரண்டு கையையும் வீசி நடக்க வேண்டும். வழியில் ஒரு கை தானாக மேலே போய் மூட்டையைப் பிடித்துவிட்டால், திரும்பி வந்து அவிழ்த்து ஏதாவது ஒன்றை வெளியே எடுத்துப் போடுவாள். பிறகு மறுபடியும் ஊருணிக்கரை. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற வருஷங்களில், பொங்கல் கழிந்த கையோடு எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்பத்தாவிடம் தங்கள் மூட்டையைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

குன்றக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். நாங்கள் நடந்த காலத்தில் எங்கள் பக்கம் ராமநாதபுரம் மாவட்டம், திண்டுக்கல் மதுரை மாவட்டம். 1985இல்தான் இரண்டும் பிரிந்தன. குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று பழனி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நகரத்தார் காவடிகளும் அங்கே கூடித்தான் புறப்படும். அவர்களோடு சாமான் ஏற்றிய மாட்டுவண்டிகள் வரும். எங்கள் கூட்டத்துக்கு வண்டி கிடையாது. கொண்டுபோவது எதுவானாலும் அவரவர் தலையில்தான்.

என்னைக் கூட்டிப் போன வருஷம் எனக்குப் பத்து வயது. பெரிய மனுஷியாவதற்குள் ஒருதடவை நடந்து வந்துவிடட்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அப்போது எனக்கு அதன் பொருள் முழுதாகப் புரியவில்லை. மஞ்சப்பையில் நான் எடுத்து வைத்திருந்தவற்றை அப்பத்தா திண்ணையில் கொட்டிப் பரப்பினாள். பவுடர் டப்பா, ரிப்பன், சீப்பு, நாலு பாவாடை சட்டை. "ஏ ஆத்தா, கூட்டத்துக்கு ஒரு சீப்பு போதும், அது பெரியம்மாகிட்ட இருக்கு" என்று சீப்பை எடுத்தாள். ரிப்பனுக்குப் பதிலாக என் தலையை எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னி, நுனியைக் கறுப்பு நூலால் கட்டிவிட்டாள். பழனி போய்ச் சேரும்வரை அது அவிழவேயில்லை. பாவாடை சட்டையில் ஒரு மாற்று மட்டும் மிஞ்சியது.

அவளுடைய மூட்டை எனக்கு இன்றும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. வீட்டில் அவள் கட்டுவது கெட்டி நூல் கண்டாங்கி. அழகான சேலைதான், ஆனால் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். தைமாதப் பனியில் விடியவிடியப் போட்டு வைத்தாலும் காயாது. அதனால் நடைக்கென்று இரண்டு பழைய வாயில் சேலைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். ஒன்று உடம்பில், ஒன்று மூட்டையில். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரைப் போல அவளும் ரவிக்கை போடுவதில்லை. நைலக்ஸ் சேலை வந்து பரவியிருந்த காலம் அது. சீக்கிரம் காய்கிறதே என்று இளம் பெண்கள் அதை எடுத்து வைப்பார்கள். அப்பத்தா விடமாட்டாள். வேர்வையில் அது தொடையோடு ஒட்டி உரசும், சிங்கம்புணரி தாண்டுவதற்குள் நடக்க முடியாமல் போய்விடும் என்பது அவள் அனுபவம். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நடைக்குப் புறப்படும் பெண்களுக்குக் கால் கொப்புளத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தொடை உரசலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்பத்தா மருந்துப் புட்டியில் விளக்கெண்ணெய் கொண்டுவந்ததே பாதிக்கு மேல் அதற்காகத்தான். அதிகாலையில் எழுந்ததும் பெண்கள் இருட்டில் வரிசையாகக் கையை நீட்டுவார்கள், ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றுவாள்.

ஜமக்காளம் கிடையாது. உரச்சாக்கு இரண்டைப் பிரித்து ஒன்றாகத் தைத்து வைத்திருந்தாள். கீழே விரித்தால் ஈரம் ஏறாது, மேலே போர்த்தினால் பனி இறங்காது, சுருட்டினால் ஒரு முழங்கைத் தடிமன் வராது. அப்புறம் ஒரு தூக்குவாளி. தண்ணீர் மொள்ள, குளிக்க, அன்னதானத்தில் கஞ்சி வாங்க, வெந்நீர் கேட்டு வாங்கிக் கால் கழுவ எல்லாம் அதுதான். துணித் துண்டில் குத்திய ஊசியும் நூலும், ஒரு கை உப்பு, மஞ்சள், கருப்பட்டி, பொட்டுக்கடலை. திருநீறும் காசும் இடுப்புச் சுருக்குப்பையில். காதில் ஆடிக்கொண்டிருக்கும் தண்டட்டி இரண்டையும் கழற்றி என் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். வெறும் காது தொங்க அவளைப் பார்க்கையில் வேறு யாரோ போலிருக்கும்.

இவ்வளவு குறைக்கத் தெரிந்தவளுக்குத் தெருவில் எல்லோரோடும் சண்டை வருவது ஒரே விஷயத்தில்தான். ஆண்கள் தோளில் ஒரு துண்டோடு கிளம்பி வருவார்கள். அவர்களுடைய மாற்று வேட்டி, போர்வை, சவரப் பெட்டி, வெற்றிலைப் பெட்டி, பீடிக்கட்டு எல்லாம் மனைவி மூட்டையிலோ அக்கா மூட்டையிலோ போயிருக்கும். பெண்ணின் மூட்டை கனக்கிறதென்றால் அதில் பாதி அவளுடையதாக இருக்காது. இதை அப்பத்தா கண்டுபிடித்து வைத்திருந்தாள். மாலை போட்டுவிட்டால் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். அந்த முறையிலேயே பேசுவாள். "சாமி, இது யாருது? உங்களுதா? நீங்களே வச்சுக்கங்க." பெண்களின் மூட்டையை அவிழ்த்து அதிலிருந்து எடுத்து எடுத்து உரியவர் கையில் கொடுப்பாள். ஒருமுறை சித்தப்பா முறையுள்ள ஒருவர், பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்கலாம் என்று ரேடியோவைத் தன் மனைவி மூட்டையில் செருகியிருந்தார். "அந்த மலையில இருக்க சாமியே கோவணத்தோட நிக்குது. அதைப் பாக்கப் போற உங்களுக்கு எதுக்கு சாமி ரேடியோ? வேணும்னா உங்க தலையில வச்சுக்கங்க" என்றாள். ரேடியோ வீட்டிலேயே தங்கிவிட்டது.

ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் நடை தொடங்கிவிடும். முன்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், பின்னால் அரோகரா. வெயில் ஏறித் தார் சுடத் தொடங்குவதற்குள் ஏதாவது மரத்தடியிலோ சத்திரத்திலோ ஒதுங்கி, பொழுது சாய்ந்ததும் மறுபடி கிளம்புவோம். சோற்றுக்குக் கவலையே இல்லை. ஊருக்கு ஊர் தண்ணீர்ப்பந்தல், நீர்மோர், சுக்குக் காப்பி, புளிச்சோறு. பெண்களுக்குக் கவலை வேறு. அதற்காகத்தான் அந்த இரண்டாவது சேலை.

விடியும் முன் ஒதுங்கப் போகையில் ஐந்தாறு பேராகத்தான் போவோம். இரண்டு பேர் சேலையின் இரு முனையைப் பிடித்து மறைப்பு கட்டி நிற்பார்கள். மற்றவர்கள் முறைவைத்து அதற்குப் பின்னால். கிணற்றடியில், மோட்டார் செட்டில் குளிக்கும்போதும் அப்படியே. தூங்கும்போது அது எனக்கும் அப்பத்தாவுக்கும் போர்வை. கூட்டத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். பகல் நேரத்தில் புளியமரக் கிளையில் அந்தச் சேலையே தூளியானது. நான் மறக்கவே முடியாதது அது காய்கிற விதம். குளித்து முடித்து நனைந்த சேலையைப் பிழிந்து, முந்தியை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். சிறுமலை இடது பக்கம் நீலமாகத் தெரிய, நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சேலைகளைக் காற்றில் விரித்தபடி போன அந்தக் காலை வேளை! அந்தச் சேலைகளைப் பின்னாலிருந்து பார்த்தபடிதான் நான் நடந்தேன். ஒரு மைல் போவதற்குள் காய்ந்துவிடும்.

கால் கொப்புளத்துக்கு அப்பத்தா ஊசியை விளக்கில் காட்டி, நூலோடு கொப்புளத்தில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்கி, நூலை மட்டும் உள்ளே விட்டுவிடுவாள். நீர் கசிந்து வடிந்துவிடும், தோல் பிய்யாது. நான் அழாமல் காட்டினேன் என்பதில் அவளுக்குப் பெருமை.

நத்தத்தில் நடந்ததை நான் அப்போது பாதிதான் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்து அதிக நாளாகாத ஒரு மதினியும் எங்களோடு நடந்தாள். நாள் கணக்குப் பார்த்து, பூசம் கழிந்துதான் வரும் என்று கிளம்பியவள். நடையின் அலுப்போ என்னவோ, முன்னாலேயே வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி ஒதுங்கி நடந்துகொண்டிருந்தவளை அப்பத்தாதான் கண்டுபிடித்தாள். வேப்பமரத்துக்குப் பின்னால் அழைத்துப் போய் மூட்டையை அவிழ்த்தாள். உரச்சாக்குச் சுருளின் நடுவிலிருந்து, துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன பழஞ்சேலைக் கிழிசல்கள், நாலாக மடித்து நாடாவால் கட்டிய ஒரு கட்டு வெளியே வந்தது. அப்பத்தாவுக்கு அது நின்று எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்கும் தேவையில்லை. பவுடர் டப்பாவை எடுத்துப் போட்டவள், அடுத்தவர் சாமானைச் சுமக்கக் கூடாது என்று சண்டை போட்டவள், யாருக்கென்றே தெரியாமல் ஒவ்வொரு வருஷமும் அந்தத் துணிக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு போயிருக்கிறாள்.

விஷயம் கூட்டத்தை நடத்திப் போன குருசாமிவரை போய்விட்டது. அவர் கெட்டவரில்லை, முறை தவறக்கூடாதே என்ற பயம். மதினியைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். அப்போது இருட்டிவிட்டது. அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "தனிப் பொம்பளைய ராத்திரியில பஸ் ஏத்தி விட்டுட்டு என்ன சாமிய கும்பிடப் போறீங்க? அவ மலை ஏற வேணாம், பின்னாடி தள்ளி நடந்து வரட்டும், நானும் அவகூட வர்றேன்" என்றாள் அப்பத்தா. அதற்குமேல் யாரும் பேசவில்லை. அங்கிருந்து பழனிவரை நாங்கள் மூன்று பேரும் கூட்டத்துக்குக் கூப்பிடு தூரம் பின்னாலேயே நடந்தோம். எனக்கு அது திருவிழாவாக இருந்தது. இரண்டு பேரும் எனக்காகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாட்சி வந்தபோது அப்பத்தா, "நம்ம ராணி வந்து தங்குன ஊரு இது" என்றாள். 1772இல் காளையார்கோயில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சியோடு வந்து அடைக்கலம் புகுந்தது விருப்பாட்சிப் பாளையத்தில்தான். 1780இல் சிவகங்கையை மீட்கும்வரை திண்டுக்கல் சீமைதான் அவருக்குப் புகலிடம். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி பிள்ளையோடு உயிர் தப்பி வந்து சேர்ந்த ஊர். அவர் என்னென்ன எடுத்துக்கொண்டு வந்திருப்பார் என்று நான் கேட்டேன். மதினிதான் பதில் சொன்னாள்: "பிள்ளைய எடுத்துக்கிட்டு வந்திருப்பாக."

பழனியில் இடும்பன் குளத்தில் குளித்துவிட்டு மற்ற எல்லோரும் மலை ஏறினோம். ஏறக்குறைய எழுநூறு படிகள். மதினி அடிவாரத்தில் எங்கள் மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரம் அதே வெயிலில், அதே கொப்புளக் காலோடு நடந்து வந்தவள். நாங்கள் இறங்கி வந்தபோது அப்பத்தா முதலில் அவள் நெற்றியில்தான் திருநீறு பூசினாள், பஞ்சாமிர்தத்தை முதலில் அவள் கையில்தான் வைத்தாள். அவளை மேலே போகவிடாத முறையை நான் வளர்ந்தபின் ஏற்றுக்கொள்ளவே இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்ததற்கு ஒரு பெண் படியடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் முடிவு. அப்பத்தா முறையை மீறவில்லை. ஆனால் அந்த முறை ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதற்கு அவள் ஓர் எல்லை போட்டாள். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் அவளால் செய்ய முடிந்தது அது.

இப்போதும் தைமாதம் நத்தம் சாலையில் பச்சைச் சேலையும் மஞ்சள் சேலையுமாகப் பெண்கள் போவதைப் பார்க்கிறேன். தோள்பை, செல்போன், ஒளிரும் பட்டை. சில கூட்டங்களுக்குப் பின்னால் சாமான் வண்டி வருகிறது. நல்லதுதான், தலைச்சுமை ஒரு வேண்டுதல் அல்ல. ஆனாலும் தோளில் இரண்டு பை மாட்டிக்கொண்டு நடக்கிற பெண்ணையும், பக்கத்தில் வெறுங்கையோடு நடக்கிற அவள் வீட்டுக்காரரையும் பார்க்காமல் ஒரு வருஷமும் போவதில்லை.

நடக்கப் போகிற பெண்களிடம் சொல்ல எனக்கு இரண்டே விஷயங்கள் உண்டு. புறப்படும் முன்னால் பையைக் கொட்டிப் பாருங்கள். உங்களுடையது அல்லாததை உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் காலியான இடத்தில், உங்களுக்குத் தேவைப்படாத வயதே ஆனாலும், ஒரு பாக்கெட் நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் கடைசியில் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு நடந்து வருகிற ஒருத்திக்கு அது வேண்டியிருக்கும்.