சிரிக்க ஓர் ஆவர்த்தனம்

"இது வயலினுக்கு எழுதினது சார்" என்றாள், மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டு. குற்றம் சொல்லும் தொனி இல்லை. மந்திர பஞ்சமத்திலிருந்து தார ஷட்ஜத்துக்கு ஒரு தாவல் போட்டிருந்தேன். வயலினில் வில்லை வேறு தந்திக்கு மாற்றினால் போதும். விசிலில் மாற்றுவதற்குத் தந்தி ஏது? நாக்கு முன்னால் நகர்ந்து வாய்க்குள்ளிருக்கும் காற்றறையைச் சிறிதாக்கினால்தான் ஸ்வரம் ஏறும். அது நகர்ந்து முடிவதற்குள் நடுவிலுள்ள ஸ்வரங்கள் லேசாகத் தலைகாட்டிவிடுகின்றன.

பத்து நிமிடத்துக்கு, விசிலுக்கென்றே ஓர் உருப்படி வேண்டும் என்று வந்திருந்தாள். கீர்த்தனைகளை அழகாக வாசிப்பவள்தான். "கீர்த்தனையை விசில்ல வாசிச்சா, கேக்கறவங்க மனசுக்குள்ள சாகித்யத்தைப் பாடிக்கிறாங்க. விசிலைக் கேக்கறதில்லை. வார்த்தையே இல்லாம பொறந்த ஒண்ணு வேணும் சார்." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

தாவல்களை அடித்துவிட்டு, ஒரு வாரம் அவளை வெறுமனே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டை சுருதியில் ஷட்ஜம் சுமார் 261 ஹெர்ட்ஸ். அவள் ஷட்ஜம் அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே, 1046 பக்கத்தில் நிற்கிறது. தார பஞ்சமத்தைத் தொட்டால் 3100-ஐத் தாண்டிவிடும். பியானோவின் வலது ஓரத்துக் கட்டைகள் ஒலிக்கிற உயரம். பக்கவாத்திய வயலின் கீழே தன் பாட்டுக்குப் போகலாம், இடிக்காது. ஆனால் வீணையிலும் குரலிலும் ஒரு ஸ்வரத்தோடு மேற்சுரங்கள் கூட்டமாக வரும். விசிலில் ஸ்வரம் ஏறக்குறையத் தனியாக வருகிறது. சுருதி மயிரிழை விலகினாலும் கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும். ஜண்டை ஸ்வரங்களை ஒவ்வொன்றாக நாக்காலோ தொண்டையாலோ வெட்டியாக வேண்டும். நாலு வரிக்குள் களைத்துப்போகிறாள். ஆனால் ஜாரு! ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவள் வழுக்கி இறங்கும்போது நடுவில் தழும்பே தெரிவதில்லை. என் விரலுக்கு இத்தனை வருஷத்தில் அது கைவரவில்லை. அன்றே சஹானா என்று முடிவு செய்தேன். நேராக நடக்காமல் வளைந்து வளைந்து இறங்கும் ராகம். 'ப ம க ம ரி க ரி ஸ' என்று அவள் வந்து சேர்ந்தபோது தம்புராவை நிறுத்த மனம் வரவில்லை.

அவள் விசில் பழகியது மொட்டை மாடியில், பகலில் மட்டும். ராத்திரி அடித்தால் பாம்பு வரும் என்று பாட்டி சொல்வாராம். பொம்பளைப் பிள்ளைக்கு விசில் என்ன என்பது வேறு. 1909-லேயே லாஸ் ஏஞ்சல்ஸில் ஆக்னஸ் உட்வர்ட் என்ற பெண்மணி விசிலுக்கென்று ஒரு பள்ளி நடத்தி, பெண்களைக் கூட்டமாக மேடையேற்றினார் என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். கர்நாடகக் கச்சேரியையே விசிலில் நடத்திய ஆந்திரத்து கே. சிவப்பிரசாதைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அப்படியிருந்தும், விசில் என்றால் தியேட்டர் என்று நினைக்கிற சபையில் இவள் நிற்கப்போகிறாள் என்ற கவலை எனக்கு இருந்தது. அவளுக்கு ஏ.சி. பற்றித்தான் கவலை. உதடு காய்ந்தால் சத்தம் கரகரத்துவிடும். மைக் உதட்டுக்கு நேரே இருந்தால் காற்று மோதும். கன்னத்தோரம் வைக்க வேண்டும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போதும் அவளால் விசிலடிக்க முடியும். அந்த ஆசையில் மூச்சுக்கு இடமே விடாமல் ஒரு நீண்ட பகுதி எழுதினேன். குறையில்லாமல் வாசித்தாள். கேட்ட எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. மறுநாள் எட்டு இடத்தில் கார்வையைக் குறைத்து இடைவெளி வைத்தேன். இப்போது அவள் மூச்சு எடுக்கும்போது நானும் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசி ஒத்திகையில்தான் ஒன்று புரிந்தது. மூன்று முறை வரும் கோர்வை சிக்கலானது. அவளும் மிருதங்க வித்வானும் பிசகாமல் சமத்தில் வந்து விழுந்தார்கள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். நம் மேடைகளில் அந்தச் சிரிப்புக்காகவே கோர்வை கட்டுகிறவர்கள் உண்டு. அவளும் சிரித்தாள். உதடு விரிந்தது, அடுத்த நொடியில் எடுக்க வேண்டிய பல்லவி வெறும் காற்றாகப் போனது. "சாரி சார், சிரிக்க மாட்டேன்" என்றாள். இரண்டாம் முறை முகத்தை இறுக்கிக்கொண்டு வாசித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

கோர்வை முடிந்ததும் ஓர் ஆவர்த்தனம் அவளுக்கு ஓய்வு என்று பென்சிலால் எழுதினேன். "கோர்வை முடிஞ்சு எடுப்பை விடறதாவது அண்ணா?" என்றார் வித்வான். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மிருதங்கத்தின் தொப்பியைத் தட்டிப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "நான் மெதுவா வாசிச்சுண்டிருக்கேன், அவ சிரிக்கட்டும்" என்றார்.

கச்சேரியன்று அந்த எட்டு அட்சரமும் மிருதங்கம் மட்டும் தாழ்ந்த குரலில் நடந்தது. அவள் முகம் மலர்ந்திருந்தது. ஏழாவது அட்சரத்தில் உதடு மறுபடி குவிந்தது.